நாவலரும் அவர் கண்ட வித்தியாசாலையும்

நம் சங்கத்தார் கூடுமிடங்களிலெல்லாம் கல்வியைப் பற்றிய பேச்சு எழாமலிருப்பதில்லை. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம்மவர், துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் பகலிரவு பாராது உழைத்து ஈட்டும் பொருளிற் பெரும்பகுதியைத் தம் மக்களின் படிப்புக்கே ஈந்து வருகின்றனர். நமக்கென ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்பார் பலர். அதற்குப் பொருள் எங்கே என்பார் சிலர். பொருளிருப்பினும், நிலைபெற்ற உத்தியோகத்தை விட்டு நேற்று முளைத்த பள்ளிக்குத் தலைமை பூண வருவார் யாவர் என்று கேட்டு மற்றவர் வாயை அடைப்பாரும் உளர்.

இவ்வினாக்கள் புதியன அல்ல. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது, இவற்றிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகக் காட்டினார் ஒருவர். அவரே யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் ஆவர். கடல்கடந்த ஊரினர் எனினும் அன்னார் நம் பகுதிக்கு அயலவர் அல்லர். நாம் நாள்தோறும் வாணிகத்தின் பொருட்டும் வேலையின் பொருட்டும் போய்வரும் தங்கசாலைத் தெருவிலேதான் அவர் தம் அச்சுக்கூடத்தை நிறுவித் தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆதலால், அவருடைய சரித்திரத்தைப் பள்ளி என்னும் ஒரு நோக்கம் பற்றி நம் அன்பர்களுக்கு இங்கே சுருக்கியுரைக்க விழைகின்றோம்.

நாவலர் 1822-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ந் தேதி நல்லூரிலே கந்தர் என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராகத் தோன்றினார். இளமையிற் பெற்ற பெயர் ஆறுமுகம் என்பதே. ஒன்பது வயதளவில் தந்தையாரை இழந்தார். தந்தையார் எழுதத் தொடங்கி முடியாது விட்டுச் சென்ற நாடகமொன்றை அச்சிறுவரே பாடி முடித்தார் என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். பின்னர் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கிய இலக்கணங்களைக் கற்றுத் தேர்ந்தார்.

தமிழ்க் கல்வி இவ்வாறு நடக்க, ஆங்கிலம் கற்கும் பொருட்டு யாழ்ப்பாணத்திலிருந்த வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்திலே சேர்ந்தார். அதன் தலைமையை வகித்தவர் பீட்டர் பெர்சிவல் என்னும் பாதிரியார். தமிழ்மொழியில் ஆழ்ந்த பற்றுடையவர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். மாணாக்கரின் புலமையைக் கண்ட பெர்சிவல், அவருக்கு இருபது வயது நிரம்பு முன்னரே அப்பள்ளியிலேயே அவரை உபாத்தியாயராக நியமித்தார். கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தல் அவர் கடமையாயிற்று. விவிலிய நூலைத் திருத்தமான தமிழிலே பெயர்க்கும் பெருவேலையிலும் அவரையே பாதிரியார் துணைக்கொண்டார். அம்மொழிபெயர்ப்புச் சென்னை வித்துவானாகிய மழவை மகாலிங்கையர் பார்வைக்கு வைக்கப்பட்டு அவர் பாராட்டைப் பெற்றது என்பர். 1850-ஆம் வருஷம் அது அச்சேறியது.

இளம்பருவத்தார் ஒருவர்க்கு இதனினும் மேலான நிலை அக்காலத்தில் வாய்த்தல் அரிது. சம்பளம் உண்டு; மதிப்பு உண்டு; தலைவரின் அன்பு உண்டு; அரசாங்க உத்தியோகத்துக்குச் செல்லும் வழியும் திறந்தே இருந்தது. ஆயினும் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எழுத்தறிய வேண்டின் மிஷன் பள்ளிக்கே செல்லவேண்டியிருந்தது. ஊர்த்திண்ணைப் பள்ளிகளோ ஏடும் மனப்பாடமுமாக நின்று, காலத்தின் தேவைக்கு ஏற்ற கணக்கையும் பூகோளத்தையும் ஒழுங்கான வகுப்பு முறையையும் அறியாதிருந்தன. படிப்பு வேண்டுமாயின் முன்னோர் சமயத்தை விடுக. சமயம் வேண்டுமாயின் படிப்பை விடுக என்னும் நிலையிலே பெற்றோர் தவித்தனர். இவ்விருதலைக் கொள்ளி எறும்பு நிலையினின்று அவர்களை மீட்பதற்குத் தாமே பள்ளி அமைத்தலன்றி வேறு வழியில்லை என்று ஆறுமுகனார் துணிந்தார்.

துணிந்த அன்றே அவர் வேலையை விட்டு வெளியேறினாரல்லர். இவ்விடத்தை நம் இளைஞர் ஊன்றி நோக்குதல் வேண்டும். பள்ளியிற் கற்பித்த நேரம் போக, காலையிலும் இரவிலும் தம் இல்லத்திலே பல மாணாக்கருக்குக் கைம்மாறு கருதாது பாடஞ் சொல்லி வந்தார். இவர்களே பிற்காலத்தில் அவர் பள்ளிக்கு ஆசிரியராயினர். கட்டடம் எழுப்புவதற்கு முன்னே ஆசிரியரை ஆக்கிக்கொண்டவர் நாவலர். இரண்டாவதாக, பள்ளியின் தேவையை ஊரார் உணரும்படி செய்தார். 1847-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதி வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே முதற் பிரசங்கம் நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அவரும், நல்லூர்க் கார்த்திகேய ஐயர் என்னும் நண்பரும் அங்கே பிரசங்கஞ் செய்தனர். கோயிலிற் புராணம் படித்துப் பயன்சொல்லும் வழக்கமே கண்டிருந்த ஜனங்களுக்கு, நீதியையும் கல்வியையும் சமய ஒழுக்கத்தையும் தெளிந்த வசனத்திலே எடுத்துரைத்த அப்பேச்சு புதுமையாயிருந்தது.

மிஷன் பள்ளியில் உபாத்தியாயராயிருந்துகொண்டே சிவன் கோயிலிற் பிரசங்கஞ் செய்தல் எத்துணை நெருக்கடியான செயல் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. இரண்டு தோணியிற் கால்வைத்தல் நெடுநாள் செல்லாது என்பதை நாவலரே நன்கறிந்திருந்தார். 1848-ஆம் வருஷத்தில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பெற்றது. அவ்வருஷம் செப்டம்பர் மாதத்திலே அவர் மிஷன் பள்ளி வேலையை விட்டு நீங்கினார். பெர்சிவல் பாதிரியார் அவரைப் போகவிட மனமின்றிச் சம்பளத்தை உயர்த்தித் தருவதாகவும் கூறிப் பார்த்தார் என்று சரித்திரக்காரர் எழுதுகின்றனர். நாவலர் அதற்கு இசையவில்லை. ஆயினும் அவ்வாசிரியரும் மாணாக்கரும் பகைகொண்டு பிரிந்தாரல்லர். ஆண்டுகள் சில சென்றபின் பெர்சிவலும் அம்மிஷனை விட்டுச் சென்னைக்கு வந்து, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தி, பிரசிடென்சி கல்லூரியிலே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

நிற்க. வேலையை விடும்பொழுது நாவலர் கையில் என்ன பொருள் இருந்தது? ஏறக்குறைய அதே காலத்திலே நம் சென்னையில் தொடங்கிய மற்றொரு பள்ளியை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். 1842-ஆம் வருஷம் ஜனவரி மாதத்திலே பச்சையப்பர் பள்ளி கறுப்பர் பட்டணத்திற் பிறந்தது. அதற்குப் பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற பெருந்தருமச் சொத்து முதலாக நின்றது. நாவலர் பள்ளிக்கு அத்தகைய மூலதனம் ஒன்றுமில்லை. அவர் தமையன்மார் உத்தியோகத்திலிருந்தோர். தம்பியார் கைப்பொருளை விட்டு வெறுங்கையராய் நிற்பதை எக்குடும்பத்தார்தாம் விரும்புவர்? இல்லறத்தை விரும்பினால் பொருளீட்ட வேண்டும். பொருளீட்டப் புகுந்தால் பள்ளி நில்லாது என்று கண்டு, அவர் திருமணமும் செய்துகொள்ளவில்லை. இவ்வாறு தாம் துறந்தவற்றையும், துறந்ததன் காரணத்தையும் பிற்காலத்து வெளியிட்ட விக்கியாபனங்களிலே ஊரார்க்கு ஒளியாது எடுத்துரைத்தார்.

பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காத பள்ளி அது. ஆசிரியர்க்கு ஊதியம் கொடுத்தல் வேண்டும், புத்தகம் வேண்டும், கூரை வேண்டும். தொடக்கத்தில் அவர்பாற் பயின்ற மாணாக்கர் சிலர் ஊதியம் பெறாமலே கற்பித்தனர். வீடுகள்தோறும் அடுப்பேற்றும் பொழுது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைக்கச் செய்து, அப்பிடியரிசியைக் கொண்டும் பள்ளியை நடத்தினார் என்பர். செல்வர் வாக்குக் கொடுத்து மறந்தபோதும் ஏழைவீட்டுப் பானை மறக்கவில்லை. அரசாங்கத்து உதவிப்பணமோ, பள்ளி தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேற்சென்ற பின்னரே கிடைத்தது.

பள்ளிக்கு அடுத்த தேவை புத்தகம். கையெழுத்து ஏடுகளைக் கொண்டு வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் படிப்பித்தல் இயலாது. மிஷன் பள்ளியிலே அச்சுப்புத்தகத்தின் ஆற்றலை அவர் கண்கூடாகக் கண்டவர். ஆதலின் 1849-ஆம் வருஷம், மாணாக்கர் சதாசிவப்பிள்ளையை உடனழைத்துக்கொண்டு அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுத் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர் சொல்வன்மையைக் கேட்டு மகிழ்ந்து, நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். சென்னையை அடைந்து சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரியையும் உரையுடன் அச்சிட்டு, யந்திரத்தோடு யாழ்ப்பாணம் மீண்டார். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது. வித்தையைக் காக்கும் யந்திரசாலை என்பது அப்பெயரின் பொருள்.

அவ்வச்சுக்கூடத்தினின்று 1850-ஆம் வருஷம் முதற்பாலபாடமும் 1851-ஆம் வருஷம் இரண்டாம் பாலபாடமும் வெளிவந்தன. எளிய சொல்லிலே தொடங்கிப் படிப்படியாக வளரும் வாசகங்கள் அவை. தூய்மை, உண்மை, பெற்றோரைப் பேணல், பொருளைக் காத்தல் முதலியவற்றைப் பிள்ளை தானே படித்து உணரும்படி எழுதினார். 1852-ஆம் வருஷம் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். செய்யுள் அறியாத பெண்டிரும் சிறுவரும் அறுபத்துமூவர் வரலாற்றைத் தம் வீட்டிலிருந்தே வாசிக்கும் பேறு அதனால் வாய்த்தது. சொற்களை ஏற்ற இடத்திற் பிரித்தும், நிறுத்தக் குறிகளை இட்டும் அவர் அமைத்த வசனநடை, பள்ளிப் பிள்ளையின் கண்ணையும் நாவையும் கருதி அமைந்ததாகும். இன்று நாம் இப்பத்திரிகையை இடர்ப்பாடின்றி வாசிக்கின்றோமெனின், அந்நடைக்கு நாமும் கடன்பட்டவர்களே.

யாழ்ப்பாணத்துப் பள்ளி வேரூன்றிய பின், நாவலர் நோக்கம் தமிழ்நாட்டின்மேற் சென்றது. 1858-ஆம் வருஷம் சென்னைக்கு வந்து சில ஆண்டுகள் தங்கினார். 1860-ஆம் வருஷத்தளவில் தங்கசாலைத் தெருவிலே இடம் வாங்கி அச்சுக்கூடம் நிறுவினார். கும்பினியாரின் நாணயச்சாலை இருந்தமையால் அப்பெயர் பெற்றது அத்தெரு. பொன்னும் வெள்ளியும் நாணயமாக வார்க்கப்பெற்ற தெருவிலே, ஈய எழுத்துக்களைக் கோத்துத் திருக்கோவையார் உரையையும், 1861-ஆம் வருஷம் திருக்குறட் பரிமேலழகர் உரையையும் பிழையறப் பதிப்பித்து வெளியிட்டார். நாவலர் பதிப்பு என்றால் ஐயமின்றி ஏற்கலாம் என்னும் நம்பிக்கை புலவரிடையே பரவியது. அவர் காலத்துக்குப் பின்னும், இருபதாம் நூற்றாண்டிலும், அவ்வச்சுக்கூடத்தின் முகவரி தாங்கிய புத்தகங்கள் தமிழுலகெங்கும் சென்றன. நம் முன்னோர் பேழைகளில் பழைய பாலபாடம் கிடைக்குமாயின், அதன் முகப்பைப் புரட்டிப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். தங்கசாலைத் தெருவின் பெயர் அதிற் காணப்படவுங்கூடும்.

சென்னையிலே புகழும் அச்சுத்தொழிலும் நிலைத்தபோதும் அவர் அங்கேயே அமர்ந்துவிடவில்லை. 1864-ஆம் வருஷம் சிதம்பரத்திலே மற்றொரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். நிலைபெற்றதைத் தக்கார் கையில் ஒப்புவித்துவிட்டு, இல்லாத இடத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் அவர் இயல்பாயிருந்தது. பின்னர் யாழ்ப்பாணம் மீண்டு, 1872-ஆம் வருஷம் வண்ணார்பண்ணையிலே ஆங்கிலம் கற்பிக்கும் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றையும் திறந்தார். உத்தியோகம் விரும்பும் பிள்ளைகள் ஆங்கிலத்தின் பொருட்டு மீண்டும் பிற பள்ளியையே நாடக் கண்டமையே அதற்குக் காரணம்.

ஆனால் அப்பள்ளி நிலைக்கவில்லை. பொருள் போதாமையாற் சில ஆண்டுகளிலே மூடப்பெற்றது. நம் பெரியோர் சரித்திரத்தை எழுதுவோர் வெற்றிகளை மட்டும் அடுக்கிவிட்டுத் தோல்விகளை மறைத்தல் வழக்கம். அஃது அப்பெரியோர்க்கும் நன்றன்று, படிப்போர்க்கும் நன்றன்று. நாவலர் பிரசங்கத்தைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தோர் பலர். மாதந்தோறும் பணம் கொடுத்தோர் சிலர். ஆங்கிலப் பள்ளிக்கு ஆசிரியர் ஊதியம் மிகுதி; பிடியரிசியால் அது நிறையவில்லை. ஒருவர் எத்துணைத் தியாகஞ் செய்யினும், பின்னின்று தாங்கும் கூட்டம் இல்லாவிடின் பள்ளி வீழும் என்பதற்கு நாவலர் பள்ளியே சான்றாயிற்று.

அப்பள்ளி வீழினும் அவர் மனம் வீழவில்லை. 1876, 1877-ஆம் வருஷங்களிலே யாழ்ப்பாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சமும் நோயும் பரவியபோது, கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். 1879-ஆம் வருஷம் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்லும்பொருட்டு முன்னின்று உழைத்தார். அவ்வருஷமே டிசம்பர் மாதம் 5-ந் தேதி, ஐம்பத்தேழு வயது நிறைவதற்குப் பதின்மூன்று நாட்கள் இருக்க, உலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்ததே இச்சரித்திரத்தின் சிறந்த பகுதி எனலாம். அன்று அச்சியந்திரம் வாங்க உடன்வந்த சதாசிவப்பிள்ளை, ஆசிரியர் வைத்துச் சென்ற பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் பொறுப்பேற்றுக் காத்தார். 1888-ஆம் வருஷம் யாழ்ப்பாணத்திலே சைவபரிபாலன சபை தோன்றியது. நாவலர் காலத்தில் மூடப்பெற்ற ஆங்கிலப் பள்ளியின் எண்ணம், அச்சபையின் ஆதரவிலே 1890-ஆம் வருஷம் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக உருக்கொண்டது. 1923-ஆம் வருஷம் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் எழுந்து, ஊர்கள்தோறும் பள்ளிகளை நிறுவியது. தனி ஒருவர் தோளில் தாங்கமுடியாத பாரத்தைச் சபைகள் தாங்கின. ஒருவர் தொடங்கலாம், சங்கமே நிலைநாட்ட வேண்டும்.

இனி, ஒன்று சொல்லாமல் விடுதல் ஆகாது. நாவலர் தம் நூல்களிலே சாதி வேற்றுமைகளை ஏற்றுக்கொண்டே எழுதினார். அவர் ஏற்றிய விளக்கின் ஒளி எல்லார் வீட்டு வாயிலுக்கும் அன்று சென்றதில்லை. அது காலத்தின் குற்றமே என்று கூறி நாம் ஒதுங்கலாகாது. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஓரிடத்தில் இருத்திக் கற்பிக்க முயன்றோர் அவர் காலத்திலும் இருந்தனர். குலத்தின் பெயராற் கூடியிருக்கும் நம் சங்கத்துக்கு இதனினும் தெளிவான எச்சரிக்கை வேறு வேண்டுவதில்லை. நம் பிள்ளைகளை முன்னேற்றும்பொருட்டே நாம் கூடினோம் என்பது மெய். ஆயினும் நாம் பள்ளி ஒன்று காண்போமாயின், பக்கத்துத் தெருவிலுள்ள மீனவர் பிள்ளையும், மூட்டை சுமப்பவர் பிள்ளையும், எக்குலத்துப் பிள்ளையும் நம் பிள்ளைக்கருகே ஒரே பலகையில் அமரும் பள்ளியாகவே அது இருத்தல் வேண்டும். நாவலர் விட்ட குறையை நிறைத்தலும் அவர்க்குச் செய்யும் வழிபாடேயாகும்.

அன்பர்காள்! தொடக்கத்திற் கூறிய வினாக்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பொருள் எங்கே என்று கேட்டோம். அது அடுக்களைப் பானையிலே ஒரு பிடியாக இருந்தது. தலைமை பூண்பார் யாவர் என்று கேட்டோம். அவர் சம்பளம் பெற்றுப் பிறர் பள்ளியிலே வேலை செய்துகொண்டு, இரவிலே தம் வீட்டுத் திண்ணையிற் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தகைய ஆசிரியர் நம்மிடையே இன்றும் இருக்கக்கூடும். அவர் ஒருநாள் தம் நிலைபெற்ற வேலையை விட்டு வெளியே வருவாராயின், அவரைத் தனியே நிற்க விடுதல் நமக்குப் பழியாகும். அவர் வருவதற்கு முன்னரே நம் இல்லத்துத் தாய்மார் பிடியரிசியையும், ஆடவர் தம் ஊதியத்தில் ஒரு நாட்கூலியையும் மாதந்தோறும் எடுத்துவைக்கத் தொடங்குதல் நன்று. தொகை சிறிதாயினும் தவறாது வருமாயின், ஆசிரியர் ஊதியம் தவறாது. ஆசிரியர் ஊதியம் தவறாதாயின் பள்ளி மூடப்படாது.

அடுத்த முறை தங்கசாலைத் தெரு வழியே செல்லும்பொழுது, உடன்வரும் பிள்ளைக்கு நாவலர் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். சம்பளத்தை விட்டுப் பள்ளியைத் தேர்ந்த ஒருவர் இத்தெருவிலே எழுத்துக் கோத்தார் என்பதை அப்பிள்ளை அறிந்துகொள்ளட்டும்.